ஷட்டவுன் செய்தி வந்தால் ஹெச்1பி ஆட்கள் எதைப் பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிற நமக்கு ஓட்டு இல்லை, டெமாக்ரட் ரிபப்ளிகன் கட்சிச் சண்டை நமக்கு எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அந்தச் சண்டையில் உங்கள் விசா பேப்பரும் மாட்டும்.

இங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதாக்கள், இல்லாவிட்டால் ஒரு தற்காலிக நீட்டிப்பாவது, காங்கிரஸில் நிறைவேறி அதிபர் கையெழுத்தாக வேண்டும். செனட்டில் பொதுவாக 60 பேர் ஒத்துக்கொண்டால்தான் மசோதா இறுதி வாக்கெடுப்புக்கே போகும், அதனால் இரண்டு சபையும் ஒரே கட்சி கையில் இருந்தாலும் எதிர்க்கட்சியால் நிறுத்திவைக்க முடியும். இந்தியாவில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். இங்கே ஆட்சி அப்படியே இருக்கும், பணம் ஒதுக்கப்படாத அரசு அலுவலகங்கள்தான் மூடும், அதுதான் ஷட்டவுன். 2025ல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கிற தகராறில் 43 நாள் மூடிக்கிடந்தது. அதற்கு முன் 2018-19ல் 35 நாள்.

நம் விசா மனுக்களைப் பரிசீலிக்கிற குடியேற்ற அலுவலகமான யூஎஸ்சிஐஎஸ் பெரும்பாலும் நாம் கட்டுகிற ஃபீஸில் ஓடுவதால் மூடாது. சிக்கல் தொழிலாளர் துறையில். ஹெச்1பி மனு எதுவானாலும், புதுசோ டிரான்ஸ்ஃபரோ நீட்டிப்போ, முதலில் கம்பெனி அங்கிருந்து எல்சிஏ (சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றிக் கம்பெனி தரும் உறுதிமொழிக்கான ஒப்புதல்) வாங்க வேண்டும், சாதாரணமாக ஏழு வேலை நாள் ஆகும். 2025 அக்டோபரில் எல்சிஏ விண்ணப்பிக்கிற இணையதளமே மூடப்பட்டது, மாதக் கடைசியில்தான் திறந்தார்கள். வேலை போய், வேறு கம்பெனி மூலம் மனு போடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ உள்ள 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆஃபர் கையில் இருந்தும் கம்பெனியால் மனு போட முடியாத நிலை. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் 2018-19ல் இந்தப் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் தொழிலாளர் துறைக்கான பணம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் ஷட்டவுன் என்று கேட்டதும் எந்தத் துறைக்குப் பணம் இல்லை என்று பாருங்கள்.

நீட்டிப்பு மனுவை ஆறு மாதம் முன்பே போடலாம். ஜனவரி, பிப்ரவரியில் விசாக் காலம் முடிகிறது என்றால் ஆகஸ்டிலேயே கம்பெனி வக்கீலை நச்சரித்து எல்சிஏவை வாங்க வையுங்கள், "அக்டோபரில் பார்க்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கெடு நெருங்கி வேறு வழியே இல்லை என்றால் ஹெச்4 (ஹெச்1பி ஆளின் கணவன் அல்லது மனைவிக்கான விசா), பி2 (சுற்றுலா விசா) மாற்றத்துக்கு எல்சிஏ தேவையில்லை, அதையும் வக்கீலிடம் கேட்டு வையுங்கள்.

தேர்தல் நன்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வரும்வரை எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, உள்ளூர் பள்ளி போர்டு தேர்தலாக இருந்தாலும் சரி. சம்பளம் வாங்காமல் பிரசாரத்துக்கு உதவலாம்.

அப்புறம் டிஎம்வி, அதாவது டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநில அலுவலகம். லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி வரும், 1993 சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் கேட்டே ஆக வேண்டும். கவுண்டரில் இருப்பவர் திரையைத் திருப்பி அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் படித்து 'இல்லை' என்றே குறியுங்கள். கிரீன் கார்டு இருந்தாலும் அதே பதில்தான். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் பிற்காலத்தில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாமே அடிபடும். ஏற்கெனவே தெரியாமல் டிக் செய்திருந்தால் நீங்களாக எந்தக் கடிதமும் எழுதாமல் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.