ஒரு சேர்வர், பதினான்கு திரைகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க அனுபவங்கள்

கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஆசிரியை:

அயலில் உள்ள பாடசாலை ஒன்றில் கணினி அறை அமைக்கப் போகிறார்கள். தனித்தனிக் கணினி வாங்குவதா, ஒரு சேர்வரும் (எல்லாருடைய வேலையும் நடக்கும் மையக் கணினி) மெல்லிய முனையங்களும் (அதன் திரையை மட்டும் காட்டும் சிறு பெட்டிகள்) வைப்பதா என்று என்னைக் கேட்டார்கள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது எங்களிடம் இருந்த பதினான்கு கணினிகளும் எக்ஸ்பியில்தான் ஓடின. எல்லாம் அன்பளிப்பாக வந்த பழையவை. ஆறு மட்டும் ஒழுங்காக எழும்பும். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவருவது அந்த ஆறில் ஒன்றைப் பிடிக்கத்தான். பிந்தி வருபவர்கள் மற்றவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு பாடம் முடியும்வரை நிற்பார்கள்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்து, "ரீச்சர், பதினான்கையும் திருத்த வேண்டாம். நல்லதாக ஒன்றை மட்டும் வாங்குவோம்" என்றார். அவர் போட்டுத் தந்தது லினக்ஸ் டெர்மினல் சேர்வர் புரொஜெக்ட். 1999 இல் தொடங்கிய, காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள். பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டோம். மின்சாரம் போட்டதும் ஒவ்வொன்றும் கேபிள் வழியாகச் சேர்வரிடம் முகவரி கேட்டு, இயங்குதளத்தையும் அங்கிருந்தே வாங்கிக்கொண்டு எழும்பும். பிள்ளை தட்டுவது சேர்வருக்குப் போகும். வேலை அங்கே நடக்கும். திரைக்கு வருவது அதன் படம்.

இரண்டாம் வாரம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தகப்பனின் வேளாண்மைக் கணக்கை விரிதாளில் போட்டுக்கொண்டிருந்தாள். உழவுக்கூலி, விதைநெல், பசளை, ஏக்கருக்கு எத்தனை மூடை. யன்னலோரத்து ஏழாம் இலக்கத்தில் பாதியில் விட்டுப் போனாள். மறுநாள் அதில் வேறொரு மாணவன் இருந்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "வேறொன்றில் இரு மகள்" என்றேன். மூலையில் இருந்த இரண்டாம் இலக்கத்தில் தன் சேர்விலக்கத்தையும் கடவுச்சொல்லையும் தட்டிக் கோப்பைத் திறந்தாள். பசளைக்கு நேரே நேற்று விட்ட வெற்றுக் கட்டத்தோடு அதே தாள் வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி ஏழாம் இலக்கத்தைப் பார்த்தாள். "ரீச்சர், நான் அங்கேதானே எழுதினேன்?" அந்த மாதத்தோடு மணி அடித்ததும் ஓடுகிற ஓட்டம் நின்றது. இந்த முறையை நான் விரும்புவதற்கு முதற்காரணம் அதுதான். செலவு குறைந்தது இரண்டாவது காரணம்.

வீடியோவில் திணறினோம். 1024க்கு 768 புள்ளிகள் உள்ள திரையை வினாடிக்கு 25 தடவை சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 470 மெகாபிட் வேண்டும். கேபிள்களை இணைக்கும் எங்கள் சுவிட்ச் 100 மெகாபிட். பிறகு, கொஞ்சம் வலுவுள்ள ஐந்து கணினிகளை மட்டும் மென்பொருளைச் சேர்வரிலிருந்து எடுத்துத் தம் சொந்தப் புரோசசரில் ஓட்டும்படி மாற்றினோம். வீடியோ அந்த ஐந்தில், தட்டச்சும் விரிதாளும் மற்றவற்றில்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். மின்சாரம் போனால் சேர்வரைச் சற்று நேரம் தாங்கும் எங்கள் யுபிஎஸ்ஸின் பற்றரி பழையது. ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது சேர்வரின் டிஸ்க் எழும்பவில்லை. போட்டுத் தந்தவர் அப்போது வெளிநாட்டில். கடவுச்சொல் எனக்குத் தெரியாது, பிரதி எடுத்தும் வைக்கவில்லை. பதினான்கு பெட்டிகளும் நல்ல நிலையில் இருக்க, அறை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டு தவணையாகச் செய்த வேலை போய்விட்டது. அதை அவர்களிடம் சொன்ன காலையை என்னால் மறக்க முடியவில்லை.

கல்முனை, அலுவலக இலிகிதர்:

எங்கள் சேர்வர் கல்முனையில் இல்லை, கொழும்பில். மேசையில் ஒரு தடித்த அப்பியாசக் கொப்பி அளவில் பெட்டி. காலையில் அதைப் போட்டால் கொழும்புச் சேர்வரில் எனக்கென்று ஓடும் கணினித் தளம், அதாவது மெய்நிகர் மேசைத்தளம், என் திரைக்கு வரும்.

மின்வெட்டு எங்களுக்கு வேறுவிதமாக இருந்தது. கடிதம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. இரண்டு மணிநேரம் கழித்து வந்து திறந்தேன். "தங்களின் கோரிக்" என்று பாதியில் நின்ற சொல்லுக்குப் பக்கத்தில் கேர்சர் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் படம்தான் அறுந்ததே தவிர, கொழும்பில் வேலை தொடர்ந்து திறந்தபடியே இருந்திருக்கிறது.

ஆனால் தமிழில் பட்ட பாடு பெரிது. பத்து வருடக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய முறைக்கு மாறிய முதல் நாள் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். சேர்வரில் பாமினி இல்லை, எங்களுக்கு அதைப் போடும் அனுமதியும் இல்லை. தொலைபேசியில் பேசியவர் தன் திரையில் பார்த்துவிட்டு, "ஆங்கிலத்தில் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். பாமினியில் தமிழ் வடிவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளிந்திருக்கிறது, தமிழ் தெரியாதவருக்கு அது எப்படி விளங்கும்? அச்சிட்ட பழைய கடிதத்தையும் திரையில் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் விளங்கியது. சேர்வரில் ஒரே தடவை எழுத்துருவைப் போட்டார்கள், எங்கள் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது.

தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் வைத்த யூனிகோட் முறைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் 2008 இலேயே வந்துவிட்டது. நாங்கள் முன்பே மாறியிருக்க வேண்டும். ரீச்சர், அந்தப் பாடசாலைக்கு ஒன்று சொல்லுங்கள்: பொருத்துபவர் போவதற்கு முன் ஒரு தமிழ்க் கடிதத்தை அடித்து, சேமித்து, வேறொரு இருக்கையில் திறந்து, அச்சிட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காத்தான்குடி, கணினி பழுதுபார்ப்பவர்:

ரீச்சர், இந்தத் தொழிலில் நான் அதிகம் திறந்து பார்த்தது சேர்வரைத்தான். மேசைப் பெட்டிகள் அவ்வளவாக வருவதில்லை. பலவற்றில் காற்றாடி கிடையாது, அதனால் தூசியையும் உப்புக்காற்றையும் உள்ளே இழுப்பதில்லை. கடற்கரையோரத்தில் எனக்குத் தொல்லை தருவது கேபிள் முனைதான். கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். திரை விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு பாடசாலைக்குப் போனேன். நடுப்பகலானால் எல்லாத் திரையும் உறைந்துபோகிறதாம். காலையில் ஒரு குறையும் இல்லை. சேர்வர் எங்கே என்று கேட்டேன். களவு போய்விடும் என்ற பயத்தில் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தபோது அடுப்படி வெக்கை முகத்தில் அடித்தது. சேர்வருக்கு மேலே பரீட்சைத் தாள் கட்டுகள், பின்னால் காற்று வெளியேறும் துவாரத்தோடு ஒட்டி இரண்டு பல்லி முட்டைகள். அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர், அதிகக் கவனத்தினால் வந்த வினை அது. அலுமாரியின் முதுகுத் தகட்டை வெட்டி எடுத்து, அங்கே கம்பி வலை அடித்துக் கொடுத்தேன். பிறகு அந்தக் குறைக்காக என்னைக் கூப்பிடவில்லை.

ஒக்டோபர், நவம்பர் இடியையும் மறக்க வேண்டாம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூரைக்கு மேலால் கேபிள் இழுத்திருந்தால் மின்னல் அதன் வழியாகவே சுவிட்சுக்கு வரும். பதினாறு துளைச் சுவிட்ச் ஒன்றில் பதினொரு துளை கருகியதை எடுத்து வைத்திருக்கிறேன், வருபவர்களுக்குக் காட்ட. மழை இருட்டினால் கேபிளைக் கழற்றி வைக்க ஒரு பிள்ளையைப் பழக்குங்கள்.

அண்ணன், உங்களிடம் ஒரு கேள்வி. கொழும்புக்குப் போகும் லைன் அறுந்தால் என்ன செய்கிறீர்கள்?

கல்முனை, இலிகிதர்:

சும்மா இருக்கிறோம், தம்பி. போன மாதம் ஒரு முழு நாள் இருந்தோம். வந்தவர்களுக்குக் கையால் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். பொத்துவிலிலிருந்து பஸ் எடுத்து வந்த அம்மாவைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஆசிரியை:

தம்பி, எங்கள் சேர்வரும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. வாசித்த உடனே போய்த் திறந்து பார்த்தேன். முட்டை இல்லை, ஆனால் கையை வைக்க முடியாத சூடு.

அயல் பாடசாலைக்கு மெல்லிய முனையம் என்றே சொல்லப் போகிறேன். ஆனால் சேர்வருக்குப் புதிய யுபிஎஸ், வெள்ளிதோறும் வெளி டிஸ்க்கில் பிரதி, அதை எழுப்பத் தெரிந்த இரண்டு பேர், இவை மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்றும் சொல்வேன். எங்களிடம் இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய உறை அதிபரின் லாச்சியில் இருக்கிறது. போன வெள்ளி நான் வலயக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் அவர்களின் கையெழுத்தில் ஒரு துண்டு: "பிரதி எடுத்தோம் ரீச்சர். 3.40க்கு முடிந்தது. ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்தோம்."