கிஜி தீவின் மரத் தேவாலயம்: ஆணியே இல்லாமல் கட்டியது உண்மையா?

ஏற்காட்டு வாசகர்:
வணக்கம். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் மரத்தூண் சில மழைக்காலங்களுக்குள் அடியில் இற்றுப்போனதைப் பார்த்த எனக்கு, ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஜி தீவில் 1714-இல் பைன் மரத்தால் எழுப்பிய உருமாற்றத் தேவாலயம், 37 மீட்டர் உயரத்தில், 22 குமிழ்க் கூரைகளோடு இன்றும் நிற்பது பெரும் வியப்பாக இருக்கிறது. அதில் ஆணியே அடிக்கவில்லை என்கிறார்கள். உண்மைதானா?

செவ்வாய்ப்பேட்டைத் தச்சர்:
பாதி உண்மை, ஐயா. சுவர்களில் ஆணி இல்லை. முழுக் கட்டைகளின் முனைக்கருகே பள்ளம் வெட்டி, ஒன்றை ஒன்று கவ்வும்படி அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் கழுந்தும் துளையுமாகச் சட்டம் கோப்போம். அங்கே கட்டையே பூட்டாகிவிடுகிறது. குமிழ்களின் மேல் வேய்ந்த மர ஓடுகளுக்கு மட்டும் ஆணி உண்டு. அந்நாட்டுப் பழைய தச்சர்கள் ரம்பத்தைவிடக் கோடரியையே நம்பினார்கள். ரம்பம் நாரைப் பிய்த்துவிடுவதால் அந்த வாயில் நீர் ஏறும். கூரான கோடரி நாரை அழுத்தி மூடிவிடும். என் தாத்தா வாய்ச்சியால் செதுக்கிய உத்தரத்தை இன்று தடவினாலும் விரலில் சிலாம்பு ஏறாது.

அஸ்தம்பட்டி ஓவிய ஆசிரியை:
அதன் அழகையும் சொல்ல வேண்டும். எட்டுப்பட்டைக் கூடுகள் மூன்று, மேலே போகப்போகச் சிறுத்து அடுக்கப்பட்டிருக்க, நான்கு திசைகளிலும் நீண்ட பகுதிகளின் மேல் குமிழ்கள் படிப்படியாக ஏறி உச்சிக் குமிழில் முடிவதைப் பார்க்கும்போது, நம் விமானங்களின் தளங்களில் கண் ஏறும் அதே ஏற்றம் தெரிகிறது. ஆஸ்பென் மரத்தில் செதுக்கிய ஓடுகள் புதிதில் பொன்னிறமாக இருந்து, வெயிலும் மழையும் பட்டு வெள்ளியாகிவிடும். காற்றில் சில்வர் ஓக் இலைகள் புரளும்போது சேர்வராயன் மலைச்சரிவில் மின்னுமே, அந்த நிறம்தான்.

செவ்வாய்ப்பேட்டைத் தச்சர்:
ஒன்றை விட்டுவிட்டேன். அது தானாக நின்றுவிடவில்லை. 1980-களில் உள்ளே இரும்புச் சட்டகம் கொடுத்துத் தாங்கினார்கள். பிறகு மேற்பகுதியைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து அடுக்கடுக்காகக் கட்டைகளைக் கழற்றி, இற்ற பாகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரத்தைப் பொருத்தினார்கள். அந்த வேலை 2020-இல்தான் முடிந்தது. முடிந்த அளவுக்குப் பழைய மரத்தைக் காத்த அந்தப் பொறுமையை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

ஏற்காட்டு வாசகர்:
மிக்க நன்றி. எங்கள் தூணும் ரம்பத்தால் அறுத்த அடிமுகத்திலிருந்துதான் இற்றிருக்கிறது. மேற்பாகம் உறுதியாகவே உள்ளது. அதை எறியாமல் அடியை மட்டும் மாற்ற இயலுமா?

செவ்வாய்ப்பேட்டைத் தச்சர்:
இயலும். கூரைக்கு முதலில் முட்டுக் கொடுங்கள். நல்ல மரம் தொடங்கும் இடம் வரை வெட்டிவிட்டு, கழுந்து வைத்துச் சேர்க்கலாம்.