செவோஃப்ளுரேன் (மூச்சு வழியே தரும் மயக்க மருந்து) செலவு: உங்கள் அறுவை அரங்கில் என்ன செய்தீர்கள்?

மயக்கவியல் படிப்பின் முதல் ஆண்டில், நோயாளி நன்றாக மயங்கிய பிறகும் மருந்தைச் சுமந்து செல்லும் வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு 6 லிட்டரிலேயே விட்டுவிடுவேன். குறைத்தால் நடுவில் விழித்துவிடுவாரோ என்ற பயம். காலையில் வேப்பரைசரில் (திரவ மருந்தை ஆவியாக்கி வாயுவில் கலக்கும் கருவி) நிரப்பிய மருந்து மதியத்துக்குள் அடிமட்டத்தில் நிற்கும்.

ஒருநாள் மூத்த மருத்துவர் என்னைக் கணக்குப் போட வைத்தார். வேப்பரைசர் டயலில் உள்ள மருந்தின் சதவீதத்தை லிட்டர் ஓட்டத்தால் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் செலவாகும் திரவம் ஏறத்தாழ எத்தனை மில்லிலிட்டர் என்று தெரியும். 2 சதவீதம், 6 லிட்டர் என்றால் 36. அதுவே 1 லிட்டர் என்றால் 6. குறைந்த ஓட்டத்தில் டயலைச் சற்றுக் கூட்ட நேர்ந்து 2.5 வைத்தாலும் 7.5தான். மிச்சமெல்லாம் யாருக்கும் பயன்படாமல் கழிவுக் குழாயில் போய்க்கொண்டிருந்தது! வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவை, இயந்திரத்தில் உள்ள சோடா லைம் என்ற சுண்ணாம்புக் கலவை உறிஞ்சிவிடுகிறது. அந்த மூச்சில் மிஞ்சியிருக்கும் மருந்தை நோயாளியே திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் பத்து நிமிடம் போல ஓட்டத்தைக் கூடுதலாக வைத்து, பிறகு இறக்குகிறேன். ஆக்சிஜன் அளவையும் மருந்தின் அளவையும் காட்டும் மானிட்டர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருப்பதால், நோயாளிக்கும் இயந்திரத்துக்கும் இடையே வாயு சுழலும் குழாய்ச் சுற்றில் அதன் அளவு நாம் அறியாமலே இறங்கும்.

—

நான் மயக்கவியல் தொழில்நுட்பர். மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரத்தில் பலர் வாயுவை ஓடவிட்டுவிடுகிறார்கள். முகமூடியை எடுத்ததும் மருந்து அரங்குக்குள் பரவும். அங்கே நிற்கும் நாங்கள்தான் அதைச் சுவாசிக்கிறோம். அந்த நேரத்தில் வாயு ஓட்டத்தை நிறுத்தினாலே போதும், வேப்பரைசரைத் தொட வேண்டியதில்லை. இன்னொன்று: ஓட்டம் குறைந்தால் சோடா லைம் விரைவில் தீரும். அதன் நிறத்தைக் கவனியுங்கள்.

—

எனக்குப் பாடம் கற்பித்தவர் 80 வயது மூதாட்டி. வழக்கம்போல 2 சதவீதம் வைத்திருந்தேன். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நானும் ஊசி மேல் ஊசியாகப் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். 40 வயதில் செவோஃப்ளுரேன் 2.1 சதவீதம் செய்யும் வேலையை 80 வயதில் 1.4 சதவீதமே செய்துவிடும். படித்ததுதான், கை மறந்திருந்தது. டயலைக் குறைத்ததும் அழுத்தம் நிலைக்கு வந்தது. அன்றிலிருந்து நோயாளியின் வயதைப் பார்க்காமல் டயலில் கை வைப்பதில்லை.