அம்மாதான் அனுப்பினாள் என்றார்கள்

ஆரணிக்காரன்:

என் தங்கையைக் கொன்றது அவள் புருஷன். இதில் போலீசுக்கும் சந்தேகம் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஆனால் எழவு வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. "நீங்கதானே அண்ணி மறுபடி அனுப்பி வெச்சீங்க" என்று சித்தப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு எல்லார் வாயிலும் அதுதான்.

மூன்று பவுன் பாக்கிக்காக அடி வாங்கிக்கொண்டு வந்தவள், எங்கள் வீட்டில் இருபது நாள் இருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்றான் மாப்பிள்ளை. அப்புறம் அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். பதினோராம் நாள் போன் வந்தது.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் நடந்த சாவு என்பதால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணைக்கு வந்தார். வரதட்சணைச் சாவுக்கு அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 80. சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை நடந்ததா என்பதுதான் அந்தப் பிரிவில் முக்கியம். அவரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. அப்பா அம்மாவிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பிட்டதும் தட்டை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான்.

என்னையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் தங்கை என்னை இரண்டு முறை கூப்பிட்டாள். வேலையில் இருந்தேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. அம்மாவைத் திட்டியபோதெல்லாம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பழி அவள்மேல் இருக்கிறவரை என் போனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மகளிர் நீதிமன்றத்தில் என் சாட்சி முன்பே முடிந்திருந்ததால், அப்பா கூண்டில் ஏறியபோது நான் உள்ளே இருந்தேன். "உங்கள் மனைவிதானே அனுப்பி வைத்தார்? கொடுமை நடந்திருந்தால் அனுப்புவாரா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான்தாங்க அனுப்பச் சொன்னேன். நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு" என்றார்.

வராந்தாவில் இருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த இரண்டு போன் விஷயத்தையும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

பெயர் வேண்டாம்:

அண்ணா, எங்களுடையது கொலை செய்தவனின் வீடு. என் தம்பி குடித்துவிட்டு ஒருவரை வெட்டினான், அவர் இறந்துபோனார். வளர்ப்பு சரியில்லை என்று ஊர் அம்மாவைச் சொன்னது, அப்பாவும் சேர்ந்து சொன்னார். அவனைச் சின்ன வயதில் தூணில் கட்டிவைத்து பெல்ட்டால் அடித்தவர் அவர். அதனால்தான் வெட்டினான் என்று நான் சொல்லவில்லை. வெட்டியது அவன், அவன்தான் பொறுப்பு. ஆனால் இத்தனை வருடமாக வேலூர் ஜெயிலுக்கு மனு போட்டு அவனைப் பார்க்கப் போகிறவள் அம்மா மட்டும்தான். போன மாதம் அவளுக்கு முழங்கால் வலி, நான் போனேன். அவன் முதலில் கேட்டது, "அம்மாவ இன்னும் திட்டுறாங்களாக்கா?"