அந்தரங்கத்தை அம்பலப்படுத்தலாமா? எதுவரை?

பிரபலம் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்குள் வேறு மாதிரி நடக்கிறார் என்பது மட்டும் அவர் அந்தரங்கத்தை வெளியிடப் போதாது. அவர் போட்ட விதியால் மற்றவர்கள் எதையாவது இழந்தார்களா என்று முதலில் பாருங்கள். 2020 கொரோனா ஊரடங்கின்போது ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று விளம்பரத்தில் வந்து சொல்லிவிட்டு, தன்னுடைய இன்னொரு வீட்டுக்கு இரண்டு வார இறுதிகளில் போயிருந்தார். ஏப்ரலில் படம் வெளியானதும் பதவி விலகினார். சாகக் கிடந்த தாயைப் பார்க்க முடியாமல் ஜனங்கள் தவித்த நேரம் அது. வெளியிட்டது முழுக்க நியாயம்.

---

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எதுவரை" என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிரிட்டிஷ் மாடல் நவோமி கேம்பல் வழக்கைப் பாருங்கள். போதைப்பொருள் பழக்கமே கிடையாது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2001இல் ஒரு நாளிதழ் அதைப் பொய் என்று காட்டியது. பழக்கம் உண்டு, சிகிச்சை பெறுகிறார் என்ற இரண்டையும் எழுதியது சரி என்பதை அவர் தரப்பே ஏற்றுக்கொண்டது. எந்தக் குழுவில் சிகிச்சை, எப்படி, வாசலில் எடுத்த படம் ஆகியவைதான் பிரச்சினை. 2004இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3–2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பொய்யை நிரூபிக்க எது தேவையோ அதோடு நிறுத்த வேண்டும், மிச்சமெல்லாம் வேடிக்கை.

---

நடைமுறைக்கு வருவோம். அந்தப் பிரபலம் முன்பு பேசியதன் முழு வீடியோவைத் தேதியோடு எடுங்கள், வெட்டிய துண்டு வேண்டாம். இடையில் அவர் கருத்தை மாற்றி அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் முரண்பாடே இல்லை, விட்டுவிடுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல் போய்விடும். எடுத்த போனிலிருந்தே மூலக் கோப்பை டாக்குமெண்டாக வாங்குங்கள். அந்தத் தகவலையும் மாற்ற முடியும் என்பதால், முதல் ஆளோடு தொடர்பில்லாத இன்னொரு சாட்சியும் வேண்டும்.

விளக்கம் கேட்கும்போது "உங்கள் மீது புகார் வந்திருக்கிறது" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன செயல் என்று எழுத்தில் கொடுங்கள். நள்ளிரவில் அனுப்பிவிட்டு விடிந்ததும் "பதிலளிக்கவில்லை" என்று போடுவது அயோக்கியத்தனம்.

பிள்ளைகள் இருக்கும் படத்தில் முகத்தை மங்கலாக்கினால் போதாது. பள்ளிச் சீருடை காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பகுதியையே வெட்டுங்கள்.

---

இந்தியாவில் எழுதுபவர்களுக்கு: குற்றவியல் அவதூறு வழக்கில் "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது மட்டும் காப்பாற்றாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுப்படி, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்பதும் வேண்டும்.

---

ஒன்று விட்டுப்போயிற்று. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிராக வாக்களிக்கும் அரசியல்வாதியே ரகசியமாக அப்படி வாழ்கிறார் என்று தெரிந்தால், வெளியிட வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் கூட இருந்தவர் எந்தச் சட்டமும் போடவில்லை. பெயரை மறைத்தாலும் ஊர், வேலை, வயதை வைத்துத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சம்மதிக்காமல், அவரை அடையாளம் காட்டாமல் எழுதவும் வழியில்லை என்றால் எழுதக் கூடாது.