மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா?

வேளச்சேரிவாசி:
சென்னையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் உள்ளது. வெளியே ஒன்றரை அடி சன்ஷேடும் உள்ளே தடித்த திரைச்சீலையும் இருந்தும், மே மாதப் பிற்பகல்களில் ஏசி ஓய்வின்றி ஓடுகிறது. இரட்டைக் கண்ணாடி பதித்த யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலாக மாற்றினால் மின்கட்டணம் குறையுமா?

சுவரும்சாளரமும்:
குறையும், ஆனால் செலவழித்த பணத்துக்கு ஈடாகக் குறையாது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும் என்பதால், உங்கள் சன்ஷேடின் நிழல் ஜன்னலின் மேற்புறம் ஓரடிக்கு மட்டுமே விழும். எஞ்சிய மூன்றடியும் வெயிலில்தான் நிற்கும். அந்த வெயிலைச் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொண்டால், முழு வெயில் படும் 1.7 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி, அதில் 80 சதவீதத்தை, அதாவது சுமார் 800 வாட் வெப்பத்தை, உள்ளே விடும். வெளியே 38 டிகிரியும் அறையில் 26 டிகிரியும் இருக்கும்போது கண்ணாடி வழியாகக் கடத்தப்பட்டு வருவதோ 150 வாட் அளவுதான். இரட்டைக் கண்ணாடி இந்தச் சிறிய பங்கைப் பாதியாக்கும். நேர் வெயிலில் 70 சதவீதத்தை அப்போதும் விட்டுவிடும். ஒரு டன் ஏசியின் திறன் 3,500 வாட் என்பதை நினைத்துப் பார்த்தால், அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஜன்னலே விழுங்குவது புரியும். திரைச்சீலையும் வெப்பம் அறைக்குள் வந்த பிறகுதான் அதை மறிக்கிறது.

மாடித்தோட்டம்:
ஆகவே மறைப்பு வெளியே இருக்க வேண்டும். நாங்கள் சன்ஷேடிலிருந்து சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, கீழ்முனையைக் கம்பியில் கட்டியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் கழற்றி வைத்துவிடுவோம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் பழைய வழக்கம் மதுரை போன்ற வறண்ட வெயிலில் பயன் தரும். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் அவ்வளவாக எடுபடாது.

வேளச்சேரிவாசி:
முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் வெளியே எதையும் தொங்கவிட அனுமதிப்பதில்லை.

சுவரும்சாளரமும்:
அப்படியானால் அலுமினிய ஜன்னல் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெயிலில் 30 சதவீதம் அளவே உள்ளே விடும் சோலார் கன்ட்ரோல் கண்ணாடியை ஒற்றையாகவே மாற்றுங்கள். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் எஸ்ஹெச்ஜிசி எண்ணை, அதாவது வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கைக் கண்ணாடி உள்ளே விடும் என்பதை, கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டும் அடர்கறுப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம்: வெப்பத்தை உறிஞ்சும் கண்ணாடியின் ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி நிழலிலும் இருந்தால் விரிசல் விழக்கூடும்.