மறு: ஆஃப்லைன் ஃபைலுக்கு ஒரு சொல் – பதுக்கலா, கைப்படியா?

குழுமத்தாருக்கு வணக்கம். ஆஃப்லைன் ஃபைல், அதாவது நெட்வொர்க் இல்லாத இடத்திலும் திறக்கும்படி சர்வரிலிருந்து லேப்டாப்பில் எடுத்து வைக்கும் கோப்பு, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில்.

> 'இணைப்பில்லாக் கோப்பு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். நான் செங்கோட்டையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் வேலையில் பாதி தென்மலை, புனலூர் பக்கம். எல்லோருடைய படங்களும் இருக்கும் பொதுக் கணினியான சர்வர் இங்கே, சைட் மலைக்கு அந்தப் பக்கம். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும்போதே செல்போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். அதனால் கிளம்புமுன் சர்வர் ஃபோல்டரை வலது கிளிக் செய்து, 'ஆஃப்லைன் போட்டு' எடுத்துப் போகிறோம். இணைப்பு இருக்கும்போதும் அந்தக் கோப்பு லேப்டாப்பில்தான் கிடக்கிறது, பச்சை வட்டத்தைப் போட்டுக்கொண்டு. ஆக, 'இணைப்பில்லா' என்பது நெட்வொர்க்கின் நிலைமை. கோப்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. கோப்பு ஒரு படி, அதாவது நகல். மூலம் சர்வரில் இருக்கிறது. திரும்பி வந்து அதோடு சேர்த்தாக வேண்டும். இது தெரியாமல் எங்கள் பையன்கள் படும் பாடு கொஞ்சமில்லை.

போன ஆடிச் சாரலில் நடந்தது. சைட்டில் ஒரு தூணை இருபது சென்டிமீட்டர் தள்ளவேண்டி வந்தது. பையன் அங்கேயே லேப்டாப்பில் தூண் படத்தைத் திருத்திவிட்டான். அதே நேரத்தில் இங்கே அலுவலகத்தில் இன்னொருவர் சர்வரில் அதே படத்தில் கைவைத்திருக்கிறார். நாங்கள் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் ஒருவர் படத்தைத் திறந்தால் பக்கத்திலேயே டி.டபிள்யூ.எல். என்று ஒரு பூட்டுக் கோப்பு முளைக்கும். அடுத்தவர் திறக்கப்போனால் 'ஆள் இருக்கிறது' என்று சொல்லும். பையனுடைய பூட்டு லேப்டாப்போடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதே, இங்கே யார் சொல்வது? சாயங்காலம் லேப்டாப்பில் இருப்பதைச் சர்வரோடு சேர்க்கும் சிங்க் போட்டதும் விண்டோஸ் கேட்டது: இதை வைக்கவா, அதை வைக்கவா, இரண்டையும் வைக்கவா? பையன் நல்ல பிள்ளை. யார் மனமும் நோகவேண்டாம் என்று இரண்டையும் வைத்துவிட்டான். அவனுடைய படத்துக்கு வேறு பெயர் விழுந்தது. தளவரைபடமோ தூண் படத்தை எக்ஸ்ரெஃபாக (ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைக் கோத்துக் காட்டும் வசதி), பெயரையும் பாதையையும் வைத்துத்தான் இழுக்கிறது. பழைய பெயரில் இருந்தது அலுவலகத்துப் படம். மறுநாள் அச்சடித்த தாளில் தூண் பழைய இடத்திலேயே நின்றது. கம்பி கட்டுகிறவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார், கான்கிரீட் போடுமுன் தப்பித்தோம்.

> கோடாவில் இதற்கு 'ஹோர்டிங்' என்றே பெயர். நாமும் 'பதுக்கல்' என்போமே.

சரித்திரம் சரிதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சத்தியநாராயணன் (நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்) குழுவினர் கோடா கோப்பு முறையைச் செய்தபோது வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: இணைப்பு இருக்கும்போதே வேண்டியதைச் சேர்த்து வைப்பது, அறுந்ததும் லேப்டாப்பே சர்வர் வேலையைப் பார்ப்பது, மீண்டதும் மாற்றங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதல் கட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். விண்டோஸ் 2000இல் ஆஃப்லைன் ஃபைல்ஸ் வருவதற்குப் பல வருடம் முந்திய கதை. ஆனால் எல்லையில் இருக்கிற எங்களுக்குப் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசிதான். 'லேப்டாப்பில் பதுக்கி எடுத்துப் போகிறேன்' என்று புளியரை சோதனைச்சாவடியில் சொல்லிப் பாருங்கள்.

'கட்டுச்சோற்றுக் கோப்பு' என்று எழுதியவருக்கு ஒரு கும்பிடு. 'ஆற்றுணா' (வழிச்சோறு) என்று பழமொழி நானூற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு இன்னொன்று. எக்ஸ்ரெஃப் ஃபோல்டரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஆஃப்லைன் போடுவது, குழம்பை வீட்டில் வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு போவதேதான். ஆனாலும் உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. கட்டுச்சோறு தின்றால் தீர்ந்தது; மிச்சத்தைக் கொண்டுவந்து யாரும் பானையில் கொட்டுவதில்லை. நாங்கள் கொட்டியாக வேண்டும்.

என் கணக்கு: லேப்டாப்பில் இருப்பது கைப்படி, சர்வரில் இருப்பது மூலம், இரண்டும் மோதினால் பிணக்கு.

செங்கோட்டையிலிருந்து

---

தம்பிக்கு,

கைப்படியை எழுதி வீட்டில் மூன்று பேரிடம் காட்டினேன். இரண்டு பேர் 'கைப்பிடி' என்று வாசித்தார்கள், மூன்றாமவர் கண்ணாடி போட்டிருந்தார். 'பயணப்படி' என்று மாற்றலாமென்றால் கணக்குப் பிரிவு பில்லோடு வந்து நிற்கும். படி என்ற சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

எங்கள் நாஞ்சில் பக்கம் பத்திர நகலைப் பகர்ப்பு என்பார்கள். மலையாளத்தில் இன்றும் அதே சொல், அதே பொருள். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் நீங்களும் ஒரே திருவிதாங்கூர் (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி) பக்கம்தானே? உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பகர்ப்பு என்றாலே மூலம் ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கேட்பதும் அதுதானே?

'பிணக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. பிணக்கைத் தீர்க்க ஆள் வேண்டும், தானாகத் தீராது.

நாகர்கோவிலிலிருந்து

---

அக்கா,

சோதித்துப் பார்த்துவிட்டேன். புனலூர் சைட் சூப்பர்வைசரிடம் போனில் 'கைப்பகர்ப்பு எடுத்துட்டுதான் வர்றோம்' என்றேன். மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இடறியது எங்கள் பக்கம்தான். பையன், 'பகர்தல்னா சொல்றதுல்லா, செய்யுள்ல வருமே?' என்றான். பழைய தமிழில் விற்பதற்கும் அதே வினை உண்டு என்று சொல்லி அவனை மேலும் குழப்பவில்லை. இரண்டு நாள் புழங்கியதும் பழகிவிட்டது. தஞ்சாவூர்க்காரர்கள் இதை மலையாளம் என்று தள்ளுவார்கள், தெரியும். தள்ளட்டும், அவர்களுக்கு நடுவில் மலை இல்லை.

சிங்குக்கு 'ஒத்திசைவு' இருக்கிறதே என்று இன்னொருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கச்சேரிக்குப் பொருந்தும். இங்கே எல்லோரும் 'சேர்த்தாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். எனக்குச் 'சேர்ப்பு' போதும்.

பெரிய தாளில் படம் அச்சடிக்கும் பிளாட்டர் பக்கத்துச் சுவரில் இன்று ஒட்டியது இது:

மலை ஏறுமுன் கைப்பகர்ப்பு எடு, எக்ஸ்ரெஃப் ஃபோல்டரோடு. எந்தப் படம் எடுத்தாய் என்று பலகையில் எழுதிவிட்டுப் போ. வந்ததும் சேர். பிணக்கு வந்தால் 'இரண்டையும் வை'யைத் தொடாதே, என்னைக் கூப்பிடு.

செங்கோட்டையிலிருந்து